பல வீட்டு அரிசி

முக்கால் வருடம் நான் பிச்சைச் சோறு சாப்பிட்டிருக்கிறேன். இதைச் சொன்னால் அலுவலக நண்பர்கள், "இப்ப மட்டும் என்ன வாழுது, மாசாமாசம் கவர்மெண்டு போடறதுதானே" என்கிறார்கள். நான் சொல்வது அந்தப் பிச்சையை அல்ல. வீடு வீடாகப் போய், சாமி பேரைச் சொல்லி, சொம்பை நீட்டி வாங்கிய அரிசி. ஐயப்பனுக்கு விழுந்ததும், மாதாவுக்கு விழுந்ததும், நாகூர் ஆண்டவருக்கு விழுந்ததும் ஒரே பானையில் சேர்ந்து, ஒரே உலையில் கொதித்து என் தட்டுக்கு வந்தது. எடுத்தவன் நானில்லை. எடுத்தவர் அதில் ஒரு பருக்கையும் சாப்பிடவில்லை.

எங்கள் வீடு விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம். பின்தெருவில் அவர் குடியிருந்தார், அவரும் மனைவியும் மட்டும். பீங்கான் கம்பெனி ஒன்றில் அச்சில் களிமண் கூழ் ஊற்றும் வேலை. கொலு பொம்மை, ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, எது ஆர்டரோ அது. எங்கள் ஊரில் கோணல் கப் இல்லாத வீடு கிடையாது. என் வீட்டில் இருந்தவை அவர் கொடுத்தவை. "செகண்ட்ஸு சார். காதுதான் கோணல், டீ நேராத்தான் வரும்" என்பார். இரண்டாயிரத்துக்குப் பிறகு பிளாஸ்டிக் ஃபியூஸ் கட்டைகள் வந்தன. அவருடைய கம்பெனி ஒருநாள் சூளையை அணைத்தது, மறுபடி பற்றவைக்கவில்லை. இது எனக்குத் தெரியாது. காலையில் அவர் சோற்றுத் தூக்கோடு கிளம்புவதையும் பொழுது சாயத் திரும்புவதையும்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் திட்டக்குடியில் பட்டிமன்றம். பத்திரிகைகளில் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவன் என்பதால் என்னை இப்படிச் சில ஊர்களில் கூப்பிடுவார்கள். குடும்ப நிம்மதிக்குக் காரணம் கணவனின் பொறுமையா, காது கேளாமையா என்று தலைப்பு. எனக்குக் காது கேளாமை அணி. என் வாதத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தபடி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "கோவிந்தா... கோவிந்தோ..." என்று ஒரு குரல். மஞ்சள் வேட்டி, இடுப்பில் துண்டு, நெற்றி நிறைய நாமம், கையில் நாமம் போட்ட பித்தளைச் சொம்பு, அதன் கழுத்தில் துளசி. பின்தெருக்காரர்.

என்னைப் பார்த்ததும் கோவிந்தா பாதியில் இறங்கிவிட்டது.

"வேண்டுதலா?" என்றேன்.

"ஆமாங்க சார். திருப்பதிக்கு."

புரட்டாசியில் இது எங்கள் பக்கத்து வழக்கம்தான். காரில் போகிற வசதி உள்ளவர்கள்கூட நாலு வீட்டில் பிச்சை எடுத்து, அதைக் கொண்டுபோய்ப் பெருமாளுக்குச் சேர்ப்பார்கள். போடுகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒரு பிடி அரிசி போடுவார்கள். ஒரு பிடிதான். வாங்குகிறவனின் வயிற்றை நினைத்துப் போடுவதில்லை. நானும் ஒரு நாணயத்தைச் சொம்பில் போட்டுக் கன்னத்தைத் தொட்டுக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் பெரிய பெரிய சிந்தனைகள். படித்தவனுக்கு ஜன்னலோர சீட் கிடைத்தால் இதுதான் கஷ்டம். கபாலத்தை ஏந்திப் பிச்சைக்குப் போன பிட்சாடனரை நினைத்தேன். ஓட்டில் விழுந்தது சூடா ஆறியதா என்று கேட்கக்கூடாத பௌத்தத் துறவியை நினைத்தேன். மாடு அங்கங்கே ஒரு வாய் மேய்வதுபோல வீட்டுக்கொரு கவளம் வாங்கும் சமணரை நினைத்தேன். அகந்தையைக் கழற்ற நம் முன்னோர் கண்ட வழி என்றெல்லாம் ஒரு கட்டுரைக்கான வரிகள் வந்தன. வேண்டுதல்காரர் சொந்தத் தெருவை விட்டுவிட்டு இத்தனை தூரம் வந்து ஏன் எடுக்கிறார் என்ற சின்னக் கேள்வி மட்டும் வரவில்லை.

ஐப்பசியில் ரம்ஜான் நோன்பு தொடங்கியிருந்தது. மங்கலம்பேட்டையில் எனக்கு ஒரு சிநேகிதர். துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். பார்க்கப் போனேன். அவருடைய தெருவில், ஒரு மாடி வீட்டு வாசலில், பச்சைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அதே பின்தெருக்காரர். கையில் அதே சொம்பு. நாமத்தைத் துடைத்துச் சந்தனம் தடவியிருந்தது. வீட்டம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, போன மாசம் கோவிந்தா போட்டுக்கிட்டு வந்தவரு நீங்கதான?"

"ஆமாங்கம்மா. இப்ப நாகூருக்கு நேந்துகிட்டிருக்கேன்."

"எல்லா ஆபீஸ்லயும் மனு குடுத்து வெச்சிருக்கீங்களாக்கும்."

"எங்க மொதல்ல சாங்ஷன் ஆவுதுன்னு பாக்கறேன்மா."

அந்த அம்மா சிரித்து, உள்ளே போய், நீள நீளமான பாசுமதி அரிசியை இரண்டு கையாலும் அள்ளிவந்து போட்டார். "யா அல்லா, எதாச்சும் ஒண்ணாவது சீக்கிரம் பலிக்கட்டும்" என்றார். அவர் துண்டை அவிழ்த்துக் கும்பிட்டார். திரும்பினார். நான் நின்றிருந்தேன்.

டீ வாங்கித் தரட்டுமா என்றேன். "நோன்புத் தெரு சார், நாம நின்னு டீ குடிச்சா நல்லாருக்காது" என்றார். பஸ் நிறுத்தத்துக்கு நடந்து, நிழற்குடையில் உட்கார்ந்தோம். யாரும் கேட்காமலே சொன்னார்.

கம்பெனி மூடிவிட்டது. மூட்டை தூக்கப் போனார். பல வருடம் பீங்கான் மாவு போன நெஞ்சு, இரண்டு மூட்டைக்கு மேல் மூச்சு வரவில்லை. வாட்ச்மேன் வேலைக்கு இளசாகக் கேட்டார்கள். மனைவிக்குக் காசநோய். மாத்திரை பெரியாஸ்பத்திரியில் இனாம். ஆனால் அந்த மாத்திரை வெறும் வயிற்றில் நிற்காது. குடலைப் புரட்டி எடுத்துவிடும். வயிறு நிறையச் சோறு வேண்டும் என்று நர்ஸம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். ரேஷன் கார்டு எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கம் அண்ணன் குடும்பத்தோடு சேர்ந்திருந்தது. அண்ணனோடு பேச்சு வார்த்தை இல்லை.

"சும்மா கை நீட்டுனா, 'கை கால் நல்லாத்தானே இருக்குது, ஒழச்சி சாப்புடு'ன்றாங்க சார். சாமி பேரச் சொன்னா அவங்களே கையெடுத்துக் கும்புட்டுப் போடறாங்க. ஆவணியில காவி கட்டிக்கிட்டு வேளாங்கண்ணி மாதா. புரட்டாசியில பெருமாளு. அடுத்து கார்த்திகையில கறுப்பு வேட்டி. இது வரைக்கும் எந்தச் சாமியும் ஏன்டான்னு கேக்கல."

"வீட்டில் தெரியுமா?"

அவர் சொம்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சா சோறே எறங்காது சார். செத்தாலும் சாமி அரிசிய வாயில வெக்க மாட்டா."

காரணம் சொன்னார். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. பேசத் தொடங்கிய வயதில் காய்ச்சலில் படுத்தது. குழந்தைக்காக மனைவி மாரியம்மனுக்கு மடிப்பிச்சை வேண்டிக்கொண்டு, முந்தானையை ஏந்தி வீடு வீடாகப் போய் வந்தார். அந்த அரிசி மடியோடு கோயிலுக்குப் போக வேண்டியது. அன்று வீட்டில் வேறு அரிசி இல்லை. குழந்தை கஞ்சி கேட்டது. ஒரு பிடி எடுத்துக் காய்ச்சிக் கொடுத்தார்கள். குழந்தை போய்விட்டது. காய்ச்சல்தான் கொண்டுபோனது என்று டாக்டரும் சொன்னார், ஊரும் சொன்னது. அந்த ஒரு பிடி அரிசிதான் என்று அவர் மனைவி சொன்னார். அதன் பிறகு அந்த அம்மாள் எந்தச் சாமியிடமும் எதையும் கேட்டதில்லை.

"இந்த அரிசிய அப்புடியே வூட்டுக்கு எடுத்துட்டுப் போவ முடியாது சார். பாத்தாலே தெரிஞ்சிடும். பச்சரிசி, புழுங்கலு, ரேஷன் அரிசி, இப்ப பாசுமதி. எந்தக் கடையில இப்புடி விக்கறான்? கோழித் தீவனத்துக்கு எடுக்கறவருகிட்ட போட்டுட்டு, அவரு குடுக்கறதுல நல்ல அரிசியாக் கொஞ்சம் வாங்கிட்டுப் போறேன். அது அவளுக்கே பத்த மாட்டுது."

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். மாதம் ஒரு சிப்பம் அரிசி நாமே வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று அவளே சொன்னாள். மறுநாள் அதை அவரிடம் அவள் சொன்னபோது முகம் சுண்டிப்போனது.

"வேணாங்க அக்கா. சும்மா வாங்குனா அது பிச்சை."

ஊரெல்லாம் பிச்சை எடுக்கிறவர் எங்களிடம் பிச்சை வாங்க மாட்டார். பிச்சைக்கும் ஒரு எல்லை உண்டென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்: சொந்தத் தெரு. என் மனைவி கொஞ்சம் யோசித்தாள்.

"சரி தம்பி. ஒங்க அரிசிய எங்க பானையில கொட்டுங்க. எங்க மூட்டையிலேர்ந்து அதே அளவு அளந்து எடுத்துட்டுப் போங்க. கோழி திங்கறத நாங்க தின்னா என்னா?"

"சாமி அரிசியாச்சே அக்கா."

"எங்க வூட்டுக்காரரு எந்தச் சாமியையும் கும்புடறதில்ல. அதனால எல்லாச் சாமிக்கும் பொதுவான ஆளு. அவருக்கு ஒண்ணும் ஆவாது."

"மாத்திக்கிட்டா அது யாவாரம், அது பரவால்ல" என்று அவர் ஒப்புக்கொண்டார். படியைத் தலை தட்டித்தான் அளக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அன்று முதல் சொம்பும் வேட்டிகளும் எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் இருந்தன. காலையில் சோற்றுத் தூக்கோடு கிளம்பி எங்கள் கொல்லை வழியாக வருவார். எந்த மாதமோ அந்த மதத்துக்கு மாறிக்கொண்டு பஸ் ஏறுவார். சாயங்காலம் மறுபடி பீங்கான் கம்பெனிக்காரராகி, ஒரே ரகப் பொன்னி அரிசியோடு வீட்டுக்குப் போவார்.

எங்கள் சமையலறையில் அதன் பிறகு சோறு ஒருவழியாக வெந்ததே இல்லை. பச்சரிசி குழைந்து கூழாகும்போது புழுங்கல் விறைத்துக்கொண்டு நிற்கும். நடுவில் பாசுமதி ஒன்றிரண்டு பிரமுகர்கள்போலத் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகள், "அப்பா, இதுல பாதி பாஸாயிடுச்சு, பாதி அட்டெம்ப்ட்ல இருக்குது" என்றாள். என் மனைவி அதை அரைத்து அடையாக்கினாள், இடித்துப் புட்டாக்கினாள், கஞ்சியாக்கினாள். சில அரிசி மஞ்சளாக இருக்கும். யாரோ கைக்கு மஞ்சள் பூசிக்கொண்டு போட்டிருப்பார்கள். தட்டில் அதைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு கொஞ்சம் நிற்கும். எந்த வாசலில், என்ன கவலையோடு போட்ட பிடியோ. பிட்சாடனருக்கும் பௌத்தருக்கும் சமணருக்கும் இல்லாத ஒரு தொல்லை எங்கள் ஆளுக்கு இருந்தது. அவருக்காக வீட்டில் ஒருத்தி பசியோடு உட்கார்ந்திருந்தாள்.

அந்த அம்மாள் தேறினார். கன்னம் கொஞ்சம் பூசியது, இருமல் குறைந்தது. மருந்து பிடிக்கிறது என்று நர்ஸம்மா சொன்னதாக அவர் வந்து சொன்ன சாயங்காலம், கொல்லையில் நின்றபடியே, கறுப்பு வேட்டியில் ஐயப்பசாமியாக, கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொங்கல் போய், வெயில் காலம் போய், ஆடி வந்தது.

ஆடி வெள்ளி ஒன்றில் நான் அலுவலகத்துக்கு லீவு. வாசலில், "மாரியம்மா தாயி, மடிப்பிச்ச போடுங்கம்மா" என்று பெண் குரல். மனைவியோடு நானும் எட்டிப் பார்த்தேன். மஞ்சள் சேலை, இடுப்பில் வேப்பிலை, முகமெல்லாம் மஞ்சள், இரண்டு கையாலும் ஏந்திய முந்தானை. பின்தெரு அம்மாள். குழந்தை போன பிறகு முதல் தடவையாக எதையோ கேட்கப் புறப்பட்டிருந்தார்.

"ஏம்மா, ஒடம்பு இப்பத்தான தேறுது?" என்றாள் என் மனைவி.

"எனக்கில்லக்கா. அவருக்கு வேண்டிகிட்டிருக்கேன். ரொம்ப எளச்சிட்டாரு. போற எடத்துல பெண்டெடுக்கறானுங்க போலருக்குது. கேட்டா சொல்ல மாட்டன்றாரு."

மடிப்பிச்சைக்கு எங்கள் பக்கம் ஒரு முறை இருக்கிறது. அன்றைக்கு அந்த வீட்டில் எந்தப் பானையிலிருந்து எடுத்து உலை வைக்கிறார்களோ, அந்தப் பானையிலிருந்துதான் போட வேண்டும். நாம் தின்பதில் சாமிக்குப் பங்கு. வேறு அரிசி எடுத்துப் போடுவது சாமியிடமே பொய் சொல்வது. என் மனைவி உள்ளே வந்தாள். ஒரு பக்கம் பொன்னி மூட்டை. ஒரு பக்கம் பானை. இரண்டுக்கும் நடுவில் நின்றாள். நான் மூட்டையைக் கண்ணால் காட்டினேன். அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. பானையில் கைவிட்டு அள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

முந்தானையில் விழுந்த அரிசியை அந்த அம்மாள் பார்த்தார். விரலால் லேசாகக் கிளறினார்.

"ஏங்கா, நீங்க மூட்டையாத்தான வாங்குவீங்க? இது சாமி அரிசி மாரி இருக்குதே?"

எங்கள் வீட்டில் வாசலில் நின்றால் கொல்லை வரைக்கும் தெரியும். துணி துவைக்கிற கல்மேல் பித்தளைச் சொம்பு கவிழ்ந்திருந்தது; ஆடிக் கூழுக்கென்று எடுக்க அவர் அன்று பையோடு போயிருந்தார். கொடியில் மஞ்சள் வேட்டி. அந்தச் சொம்பை அடகு வைத்துவிட்டதாக அவர் வீட்டில் சொல்லியிருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அந்த அம்மாள் அதைப் பார்த்தார்.

"எத்தினி நாளா?"

"ஒரு வருசம் இருக்கும்மா."

"நான் தின்னது?"

"அது எங்க மூட்ட அரிசிம்மா. எம் பொண்ணு மேல சத்தியம். ஒரு பருக்க கூட இதுலேர்ந்து ஒனக்கு வரல."

"அப்ப இத?"

"நாங்க தின்னோம்."

அவர் முகம் அப்போதுதான் மாறியது. முன்னறையில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்தார்.

"கொழந்தைக்குமா போட்டீங்க?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாதும்மா."

"நானும் அப்புடித்தான்க்கா சொன்னேன்."

என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டாள். நான் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவன். மேடையில் எதிரணிக்கு உடனே பதில் சொல்கிறவன். அன்று போய் மகளின் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"அதுக்கு மட்டும் இனிமே போடாதீங்க" என்றார் அந்த அம்மாள். "நீங்களும் வேணாம். இது வரைக்கும் தின்னத நான் மடிப்பிச்ச எடுத்துத் தீக்கறேன். எனக்காகத் தின்னது, நான்தான் தீக்கணும். அவருக்கு மட்டும் தெரிய வேணாம்க்கா. எனக்குத் தெரிஞ்சிடுச்சின்னா அவரு ஒடைஞ்சி பூடுவாரு."

அன்றிலிருந்து பின்தெருக்காரர் கொட்டுகிற கலவை அரிசியை என் மனைவி சாக்கில் கட்டி, எங்கள் ஊர்ப் பெரிய கோயில் அன்னதானத்துக்கு அனுப்பிவிடுவாள். எங்கள் வீட்டுச் சோறு மறுபடி ஒரே மாதிரி வெந்தது. என் மகள், "எல்லாரும் பாஸா?" என்றாள். ஆனால் தின்றது தின்றதுதானே. அதற்காக அந்த அம்மாள் நடக்கத் தொடங்கினார். கணவர் காலையில் பஸ் ஏறியதும் இவர் முந்தானையை ஏந்திக்கொண்டு புறப்படுவார். ஜங்ஷன் ரோடு, ஆற்றுப் பக்கத்துத் தெருக்கள், கடைத்தெருப் பின்னால் இருக்கிற சந்துகள். என் மகள் பேரைச் சொல்லி எடுத்து, ஒரு பருக்கை குறையாமல் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவார். கணவரிடம், "ஒனக்குத்தான்யா வேண்டிகிட்டிருக்கேன், ஆடியோட முடிஞ்சிடும்" என்றாராம். ஆடி முடிந்தும் முடியவில்லை.

அவர் எங்கள் கொல்லையில் நின்று பெருமையாகச் சொன்னார்: "எனக்காக நடக்கறா சார். சொன்னாக் கேக்க மாட்டன்றா."

புருஷன் வெளியூரில் இவளுக்காக எடுத்தார். பெண்டாட்டி உள்ளூரில் எங்களுக்காக எடுத்தாள். இருவரும் எடுத்தது ஒரே கோயிலில் போய்ச் சேர்ந்தது. நடுவில் நாங்கள் பேங்க் மாதிரி உட்கார்ந்திருந்தோம். சிரிக்க வேண்டிய விஷயம்தான். என் மனைவி அந்த அம்மாளை வழிமறித்துக் கெஞ்சினாள். திட்டினாள். "வெரதம் இருக்காத, மாத்திரைய உடாத" என்று பின்னாலேயே போனாள். எடுக்கிற நாளில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் போக வேண்டும் என்பது அந்த அம்மாள் கட்டுப்பாடு. எடுக்காத நாளே இல்லை. வெறும் வயிற்றில் மாத்திரை நிற்காது. எதற்குப் பயந்து இத்தனையும் செய்தோமோ, அது வேறு வாசலால் வந்துவிட்டது.

புரட்டாசி மழையில் இருமல் திரும்பியது. ரத்தம் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை, அவர் திட்டக்குடிக்குப் போயிருந்தபோது, அந்த அம்மாள் போய்விட்டார். என் மனைவி மடியில்தான் தலை இருந்தது. கடைசியில் கேட்டது, "தீந்துருக்கும்லக்கா?" என்பது. என் மனைவி, "எப்பவோ தீந்துடுச்சும்மா" என்றாள்.

அவரிடம் செல்போன் கிடையாது. நான் திட்டக்குடிக்குப் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டில் இல்லை. பெருமாள் கோயில் தெருவில் சுற்றியபோது கோவிந்தா கேட்டது. இந்தத் தடவை என்னைப் பார்த்ததும் பாதியில் இறங்காமல், நல்ல சுருதியில் முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் வந்தபோது என் முகத்தைப் பார்த்தார்.

அழவில்லை. தெருக் குழாயில் போய் உட்கார்ந்து நெற்றியைத் தேய்க்க ஆரம்பித்தார். வெள்ளை போனது. நடுவில் சிவப்பு போகவில்லை. துண்டை நனைத்துத் தேய்த்தார், நகத்தால் சுரண்டினார். தோல் சிவந்து, எது நாமம் எது தோல் என்று தெரியாமல் ஆகிவிட்டது.

"போயிடுச்சா சார்?"

"போயிடுச்சு."

"நல்லாப் பாருங்க சார். இப்புடியே போனா அவ பாத்துடுவா."

நான் என் துண்டால் துடைத்துவிட்டேன். பஸ்ஸில் என் பக்கத்தில் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்ணாடம் தாண்டியதும் கேட்டார்:

"கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாதுங்களே சார்?"

"தெரியாது" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். வெளியே மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அண்ணன் குடும்பம் வந்தது. அந்த அம்மாளின் பிறந்த வீட்டு ஜனங்கள் வந்தார்கள். வாய்க்கரிசிக்கு ஒவ்வொரு வீட்டாரும் அவரவர் வீட்டிலிருந்து அரிசி கொண்டுவருவது வழக்கம். எல்லாவற்றையும் ஒரே முறத்தில் கொட்டி நீட்டினார்கள். பச்சரிசி, புழுங்கல், ரேஷன் அரிசி. புருஷன்தான் முதலில் போட வேண்டும். அவர் முறத்தைப் பார்த்தார். அள்ளிய கை அப்படியே நின்றது. பிறகு அரிசியை முறத்திலேயே உதிர்த்துவிட்டார்.

"போடுய்யா, நேரமாவுதில்ல" என்றார் அண்ணன்.

"இது வேணாம்."

"என்னா வேணாம்? பொண்டாட்டிக்கு வாய்க்கரிசி போட மாட்டியா?"

துக்கத்தில் புத்தி தடுமாறுகிறது என்று யாரோ சொன்னார்கள். யாரோ அவர் கையைப் பிடித்து முறத்துக்குள் வைத்தார்கள், அவர் இழுத்துக்கொண்டார். என் மனைவி எழுந்து சந்து வழியாக எங்கள் வீட்டுக்குப் போனாள். புது மூட்டையின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்திருக்கிறாள். ஒரு கை நிறையப் பொன்னி அரிசியை முந்தானையில் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் கொட்டினாள். அவர் அதை ஒருமுறை விரலால் தள்ளிப் பார்த்தார். எல்லாம் ஒரே ரகம். பிறகு போட்டார்.

அதன் பிறகு அவர் எந்தச் சாமியின் பேரையும் சொல்லி எந்த வாசலிலும் நிற்கவில்லை. சொம்பையும் கேட்டு வாங்கிப் போகவில்லை. எங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் வர மாட்டார், அது பிச்சை. பெரிய கோயிலில் மதியம் போடுகிற அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். தரையில் சம்மணம் போட்டு, இலையை இழுத்துக்கொண்டு, பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பல வீட்டு அரிசி. ஆடி மாதத்திலிருந்து அவர் மனைவி கொண்டுவந்து கொட்டிய அதே கோயில் களஞ்சியம்.

அவர் இலைக்கு எதிரில் போய் நின்றேன். அவராகவே நிமிர்ந்து பார்த்தார்.

"சாமி சோறுதான் சார்" என்றார். "இனிமே யாருக்கு என்னா ஆவப்போவுது?"

பரிமாறுகிறவர் வாளியோடு வந்து, "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டார். போதும் என்று சொல்லாமல் இலையில் இடம் ஒதுக்கினார்.